இல்லாததை மட்டும் கொண்டுவா

அருப்புக்கோட்டையை விட்டுப் புறப்பட்டு, ரமண மகரிஷி 1879-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பிறந்த திருச்சுழியைத் தாண்டிக் கிழக்கே வீரசோழனை நோக்கிப் பிரயாணம் செய்பவருக்கு, சாலையின் இரு மருங்கிலும் சீமைக் கருவேலங் காடும், அதன் இடையிடையே மிளகாய்க்கும் பருத்திக்கும் குதிரைவாலிக்கும் மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கரிசல் நிலமும், எப்போதோ ஒரு நல்ல வருஷத்தில் நிரம்பி மறுகால் பாய்ந்த செய்தியைப் பெரியவர்கள் இன்னும் மாதம் தேதியோடு சொல்லும் கண்மாய்களும் மாறி மாறித் தோன்றிக்கொண்டே இருக்கும். வானம் பார்த்த இந்தப் பூமியில் வாழ்ந்து பழகிய குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ கந்தூரியோ வந்து, வாரச்சந்தைக்குச் சாமான் வாங்க ஆள் அனுப்பும் தருணத்தில், வீட்டின் மூத்த பெண்மணி முதலில் குலுக்கையையும் அடுக்குப் பானைகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பாள். இருப்பதை மனத்தில் ஒதுக்கிவிட்டு, குறைவதை மட்டும் வரிசையாகச் சொல்லுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை அதைச் சிட்டையில் எழுதிக்கொள்ளும். சந்தைக்குப் போகிறவன் சிட்டையில் உள்ளதை வாங்கி வரவேண்டும். வீட்டில் இருப்பதையே மறுபடி வாங்கி வந்தால் அன்று பூராவும் அவனுக்கு ஏச்சுத்தான்.

லினக்ஸ் என்னும் இயங்குதளத்தில், கணினியே தன் குலுக்கையைத் திறந்து பார்த்து, தன்னிடம் இல்லாத மென்பொருள்கள் எவை என்று நிச்சயித்து, ஒருவரும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் உத்தரவு கொடுத்துக்கொண்டிராமல், தானே வரவழைத்து நிறுவிக்கொள்ளும்படி ஒரு சிட்டையை முன்கூட்டியே எழுதிவைக்க முடியும். அச்சிட்டைக்கு ஸ்கிரிப்ட் என்று பெயர். இருபது முப்பது வரிகளுக்கு மேற்படாத அந்தச் சிறு எழுத்து, சாதாரண மனிதரின் கணினி வாழ்க்கையில் எத்தனை பெரிய உபகாரம் செய்ய வல்லது என்பதை நான் நேரில் உணர்ந்தது வீரசோழனில்தான்.

சென்ற கோடையில் அவ்வூரில் என் சிநேகிதர் ஒருவருடைய வீட்டில் இரண்டு நாள் தங்கியிருந்தேன். அவருடைய இளைய மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறவன். அவன் அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த மடிக்கணினி, அவள் கல்யாணமாகிப் போன பின்பு இவன் வசமாயிற்று. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளில், அக்கருவிகளில் விண்டோஸோடு பாஸ் என்னும் லினக்ஸும் இடம்பெற்றிருந்ததை இன்று பலர் மறந்திருப்பார்கள். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கமே பாஸ். மத்திய அரசின் சி-டாக் ஸ்தாபனத்தின் சென்னை மையத்தில் உருப்பெற்று 2007-ஆம் ஆண்டு வெளிவந்த அது, டெபியன் என்னும் பெரிய லினக்ஸ் குடும்பத்தின் வழித்தோன்றல். ஆகவே, நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருடைய வீட்டுப் பரணில் தூசி படிந்து கிடக்கும் கருவிகளுக்கும், உலகெங்கும் பெரிய பெரிய சர்வர்களில் ஓடும் டெபியனுக்கும் உள்ள உறவு மிக நெருங்கிய உறவே ஆகும்.

பழைய கருவியில் விண்டோஸ் மூச்சு வாங்கியதைக் கண்ட பையன், தானே முயன்று, ஒரு பென்டிரைவின் துணையால் புதிய டெபியனை அதில் ஏற்றிவிட்டான். அது மிகச் சுருக்கமான வடிவம். வேண்டியவற்றை நாம்தான் பின்னர் சேர்த்துக்கொள்ள வேண்டும். தமிழ்ச் செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தால் எழுத்துக்குப் பதிலாகக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது; காலையில் அதில்தான் செய்தி படிப்பேன் என்று ஆசையோடு வந்து உட்கார்ந்த சிநேகிதர், கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துவிட்டு எழுந்து போனார். கல்லூரிப் பாடத்துக்கு வேண்டிய கம்பைலர் கிடையாது. தமிழில் தட்டச்சு செய்ய வழி கிடையாது.

“அது இல்லேங்குது மாமா, அதைப் போட்டா இன்னொண்ணு இல்லேங்குது. ஒவ்வொண்ணாப் போடுறதுக்குள்ள போன்ல டேட்டா தீர்ந்துபோகுது. முந்தாநாள் ஒருவழியா எல்லாம் சரியாச்சு. அப்புறம் என்னமோ கெட்டுப்போயி, அழிச்சுட்டுத் திரும்ப முதல்லேர்ந்து ஏத்தினேன்” என்றான்.

“முந்தாநாள் என்னென்ன போட்டேன்னு எங்கேயாவது எழுதி வச்சிருக்கியா, தம்பி?”

“இல்லையே மாமா.”

அவனுடைய இரண்டு நாள் பிரயாசையும் அந்த ‘இல்லையே’யில் கரைந்துபோயிருந்தது. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. அனுபவம் மிக்க பெரிய நிர்வாகிகளும் இதையே செய்கிறார்கள். ஒரு கணினியை நேர்செய்ய அரும்பாடுபட்டு, அது ஓடத் தொடங்கிய சந்தோஷத்தில், எதைச் செய்து ஓடவைத்தோம் என்பதைக் குறித்துவைக்காமல் எழுந்து போய்விடுகிறார்கள்.

ஒரு மென்பொருள் மற்றொன்றை ஏன் கேட்கிறது என்பதை இந்தச் சீமையில் உள்ளவருக்கு விளக்குவது சுலபம். மேலே உள்ள கண்மாய் நிரம்பிக் கலுங்கின் வழியே மறுகால் போனால்தான் கீழே உள்ள கண்மாய்க்கு வரத்து உண்டு. கடைசிக் கண்மாயின் ஆயக்கட்டுக்காரர் தம்முடைய மடையை எவ்வளவு செம்மையாகப் பராமரித்து வைத்திருந்தாலும், அவருக்கு மேலே மூன்றாவதாக உள்ள கண்மாய் வறண்டு கிடக்குமானால் அவர் வயலுக்கு ஒரு சொட்டும் வராது. மென்பொருள்களும் இப்படிச் சங்கிலித் தொடராகவே வாழ்கின்றன. படம் பார்க்கும் நிரல் ஒன்று, படக் கோப்பைப் படித்துக் கொடுக்கும் ஒரு லைப்ரரியை நம்பியிருக்கிறது. அந்த லைப்ரரி, சுருக்கி மடித்த தகவலைப் பிரித்துக் கொடுக்கும் இன்னொரு லைப்ரரியை நம்பியிருக்கிறது. அதுவோ சி மொழியின் அடிப்படை லைப்ரரி இல்லாமல் ஓர் அடியும் நகராது. இவ்வுறவுக்குச் சார்பு என்று பெயர். ஒரே காரியத்தை ஆயிரம் பேர் தனித்தனியே எழுதி ஆயிரம் விதமான பிழைகளைச் செய்வதைக் காட்டிலும், ஒருவர் செவ்வையாக எழுதியதை எல்லோரும் எடுத்து ஆளுவது உத்தமம் என்ற எண்ணத்திலிருந்து பிறந்தது இந்த ஏற்பாடு. அதன் சௌகரியம் பெரிது. ஆயினும், சங்கிலியில் எந்தக் கண்ணி இல்லை என்பதைத் தேடிப் பிடிக்கும் சிரமமும் அதனோடு ஒட்டிப் பிறந்ததுதான்.

அந்தச் சிரமத்தின் முழு உக்கிரத்தையும் அறிய விரும்புபவர், தொண்ணூறுகளில் லினக்ஸைத் தொட்டவர்களைக் கேட்கவேண்டும். ஹெல்சின்கியில் மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் வெளியிட்ட லினக்ஸ், நம் நாட்டுப் பொதுமக்களின் கைக்குப் பெரும்பாலும் எட்டியது, 1996-ல் அதுல் சிட்னிஸ் முதலியோரின் ஊக்கத்தால் பிசி க்வெஸ்ட் பத்திரிகை அதைச் சிடியில் பதிந்து இதழோடு வழங்கத் தொடங்கிய பிறகுதான்; 1998-ல் சென்னையில் இந்திய லினக்ஸ் பயனர் குழு கூடத் தொடங்கியபோதும், சிடிகளைப் பிரதி செய்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வது ஒரு முக்கியமான சேவையாக இருந்தது. டெலிபோன் வழியே இணையத்தை எட்டிய அக்காலத்தில், ஒரு மென்பொருளை மணிக்கணக்கில் இறக்கி நிறுவ முற்பட்டால், இன்ன லைப்ரரி இல்லை என்று ஒரு வரி வந்து நிற்கும். அதைத் தேடிப் பிடித்துவந்தால், அது வேறொன்றைக் கேட்கும். அந்த வேறொன்று, ஏற்கெனவே இருப்பதன் புதிய பதிப்பைக் கேட்கும். புதிய பதிப்பைப் போட்டால், பழையதை நம்பியிருந்த மற்றொன்று விழுந்துவிடும். சார்பு நரகம் என்று அவர்கள் அதற்குப் பெயர் வைத்ததில் அதிசயோக்தி ஏதுமில்லை.

அந்த நரகத்திலிருந்து வெளியேறும் பாதையை அமைத்த பெருமையில் பெரும்பங்கு டெபியனுக்கு உரியது. 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இயன் மர்டாக் என்ற அமெரிக்க மாணவர் அதைத் தோற்றுவித்தார். டெப்ரா என்ற தம் பிரிய சிநேகிதியின் பெயரில் பாதியையும் தம் பெயரையும் சேர்த்தே டெபியன் என்று அவர் பெயரிட்டார். ஒவ்வொரு மென்பொருளையும், அதற்கு வேண்டிய கோப்புகளையும், அது எவற்றைச் சார்ந்திருக்கிறது என்னும் விவரத்தையும் ஒன்றாகக் கட்டி ஒரு பொதியாக வைக்கும் முறை அங்கே நிலைபெற்றது. பேக்கேஜ் என்பதற்குத் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் வழங்கும் இந்தப் பொதி என்ற சொல், பஞ்சுப் பொதியைப் பார்த்து வளர்ந்த அருப்புக்கோட்டைச் சீமைக்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்தமானது. பொதியைப் பிரித்து உரிய இடங்களில் வைக்கும் டிபிகேஜி என்னும் கருவியை 1994-ல் இயன் ஜாக்ஸன் திருத்தி எழுதினார். ஆனால் டிபிகேஜி, முன்னால் வைத்த பொதியைப் பிரிக்குமே தவிர, இல்லாத பொதியைத் தேடிக்கொண்டு எங்கும் போகாது. அந்தக் குறையைத் தீர்க்க வந்ததுதான் ஆப்ட். 1999-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் வெளிவந்த டெபியன் 2.1-ல் அது இடம்பெற்ற பிறகு, வேண்டிய ஒன்றின் பெயரை மட்டும் சொன்னால் போதும் என்றாயிற்று. அதற்கு மேலே உள்ள கண்மாய்கள் எவை, அவற்றுள் எவை ஏற்கெனவே நிரம்பியிருக்கின்றன, எவற்றை எந்த வரிசையில் நிரப்பவேண்டும் என்பதையெல்லாம் ஆப்ட் தானே கணக்கிட்டு, பொதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் இணையக் களஞ்சியத்திலிருந்து கொண்டுவந்து சேர்த்துவிடும். அந்த 2.1 பதிப்பில் சற்றேறக்குறைய 2,250 பொதிகள் இருந்தன. 2023 ஜூன் மாதம் வெளியான 12-ஆம் பதிப்பில் 64,000-க்கு மேல். இத்தனையையும் கட்டிக் காப்பவர்கள் உலகெங்கும் உள்ள தொண்டர்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

ரெட் ஹாட் குடும்பத்தில் டிஎன்எஃப், சூசேயில் ஸிப்பர், ஆர்ச்சில் பேக்மேன் என்று ஆப்டின் காரியத்தைச் செய்யும் கருவிகள் வெவ்வேறு பெயர்களில் உண்டு. பெயரும் உத்தரவின் உருவமும் மாறுமே ஒழிய, தத்துவம் ஒன்றே.

இனிச் சிட்டைக்கு வருவோம். டெர்மினலில் நாம் ஒவ்வொரு வரியாகத் தட்டும் உத்தரவுகளையே ஒரு கோப்பில் வரிசையாக எழுதி, இதை மேலிருந்து கீழாக நிறைவேற்று என்று, உத்தரவுகளை வாங்கி நடத்தும் ஷெல்லிடம் ஒப்படைத்தால் அதுவே ஸ்கிரிப்ட். பையனும் நானும் சேர்ந்து எழுதிய சிட்டையின் தலைப்பில் வேண்டிய பொதிகளின் பெயர்களை எழுதினோம். அதன் கீழே, பட்டியலில் உள்ள ஒவ்வொரு பெயரையும் எடுத்து, இது இருக்கிறதா என்று டிபிகேஜியிடம் கேட்கும் ஒரு சுழற்சி. இருக்கிறது என்று பதில் வந்தால் அடுத்த பெயருக்குப் போகும். இல்லை என்று வந்தால், அப்பெயரைக் குறைவன என்ற தனிப் பையில் போட்டுக்கொள்ளும். கடைசியில் அந்தப் பை காலியாயிருந்தால், எல்லாம் இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு நின்றுவிடும். காலியாயில்லாவிட்டால், களஞ்சியத்தின் பொதிப் பட்டியலை ஒருமுறை புதுப்பித்துக்கொண்டு, பையில் உள்ள அத்தனை பெயர்களையும் ஒரே உத்தரவில் ஆப்டிடம் கொடுக்கும். ஒவ்வொன்றாகக் கொடுப்பதைவிட மொத்தமாகக் கொடுப்பது நல்லது. சந்தைக்கு ஒரே நடையில் போய் வருவதற்கும் உப்புக்கு ஒரு நடை, புளிக்கு ஒரு நடை என்று அலைவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு.

இந்த இடத்தில் விஷயமறிந்த வாசகர் ஒருவர் ஓர் ஆட்சேபம் எழுப்பலாம். ஏற்கெனவே உள்ள பொதியைக் கேட்டால், இது இருக்கிறதே என்று ஆப்டே சொல்லிவிட்டுத் தாண்டிப் போகுமே, நாம் எதற்காகத் தனியே சோதிக்கவேண்டும் என்று அவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஆப்டைக் கூப்பிடுவதற்கு ரூட் என்னும் சர்வாதிகாரம் வேண்டும். களஞ்சியத்தில் புதிய பதிப்பு வந்திருந்தால், நாம் கேளாமலே அதையும் இறக்கத் தொடங்கும். நம்முடைய நோக்கமோ, இல்லாததைக் கொண்டுவருவது மட்டும். இருக்கிறதா என்று கேட்பதற்கு அதிகாரமும் வேண்டாம், இணையமும் வேண்டாம். தினமும் இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்கும் டேட்டாவில் வாழும் வீட்டில், கேட்பதற்குச் செலவில்லை என்பது அற்ப விஷயமாகாது.

கேட்பது சுலபம், சரியாகக் கேட்பதில்தான் நுட்பம் இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு நான் எழுதிய ஒரு சிட்டையில், டிபிகேஜி கொடுக்கும் நீண்ட பட்டியலில் பொதியின் பெயர் எங்கேனும் தென்படுகிறதா என்று மட்டும் தேடச் செய்திருந்தேன். அச்சிடும் மென்பொருள் இருக்கிறது என்று சிட்டை சாதித்தது. காகிதத்தில் ஒரு புள்ளியும் விழவில்லை. அரை நாள் கழித்தே காரணம் புரிந்தது. ஒரு பொதியை நீக்கும்போது, அதன் அமைப்புக் கோப்புகளை டெபியன் தானாக அழிப்பதில்லை. பிற்காலத்தில் மறுபடி நிறுவினால் பழைய அமைப்பு உதவுமே என்ற கரிசனத்தால் விட்டுவைக்கிறது. ஆகவே நீக்கப்பட்ட பொதியின் பெயரும் பட்டியலில் நிற்கும். முன்னால் இரண்டு சின்ன எழுத்துகள் மட்டும் வேறாக இருக்கும். காலி செய்துவிட்டுப் போன குடித்தனக்காரரின் பெயர்ப்பலகை வாசலில் தொங்குவதைப் பார்த்து, ஆள் உள்ளே இருக்கிறார் என்று தபாலைப் போட்டுவிட்டு வந்ததைப் போன்ற பிழை அது. பொதியின் நிலைமை என்ன என்று வெளிப்படையாகக் கேட்டு, முழுமையாக நிறுவப்பட்டது என்ற பதில் வந்தால் மட்டுமே ஏற்றுக்கொள்ளவேண்டும்.

பெயரிலும் மயக்கம் உண்டு. நாம் தட்டும் ஏவலின் பெயர் ஒன்றாகவும் அதைத் தரும் பொதியின் பெயர் வேறாகவும் இருப்பது சகஜம். படங்களை உருமாற்றும் கன்வர்ட் என்ற ஏவல், இமேஜ்மேஜிக் என்ற பொதிக்குள் இருக்கிறது. ஒரே பெயருக்கு இருவர் உரிமை கொண்டாடியதும் உண்டு. டெபியனில் நோட் என்ற ஏவல், அமெச்சூர் வானொலிக்காரர்களின் பழைய மென்பொருள் ஒன்றுக்குச் சொந்தமாயிருந்தது. பின்னர் நோட் ஜேஎஸ் என்ற புதிய மென்பொருள் பிரசித்தி பெற்று அதே பெயரைக் கேட்டு வந்தது. பெயர் யாருக்கு என்ற வழக்கு டெபியனின் தொழில்நுட்பக் குழு வரையில் சென்று, 2012-ல் தீர்ப்பாயிற்று. இடைக்காலத்தில் எத்தனையோ பேருடைய சிட்டைகள், சரியான பெயரைச் சொல்லித் தவறான ஆளைக் கூட்டிவந்தன. எனவே, ஏவல் வேண்டுமா, பொதி வேண்டுமா என்பதைச் சிட்டை எழுதுபவர் முதலிலேயே தெளிந்துகொள்வது அவசியம்.

ஆளில்லாமல் நடக்கவேண்டிய காரியம் ஆகையால், நடுவில் கேள்வி எழக்கூடாது என்பதும் முக்கியம். சில பொதிகள் நிறுவப்படும்போது, உம்முடைய நேர மண்டலம் எது, பழைய அமைப்பை வைத்துக்கொள்ளட்டுமா என்றெல்லாம் கேட்டுவிட்டு, பதில் வரும்வரை இரவு முழுவதும் நின்றுகொண்டிருக்கும். கேள்வி கேளாதே, வழக்கமான விடையையே எடுத்துக்கொள் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க டெபியனில் வழி இருக்கிறது. அவ்வாறே, வேறொரு நிறுவல் பின்னணியில் நடந்துகொண்டிருந்தால், ஆப்ட் கதவில் பூட்டு விழுந்திருக்கும். சிட்டை பொறுத்திருக்கவேண்டுமே அல்லாமல் பூட்டை உடைக்கக் கூடாது. பூட்டுக் கோப்பை அழித்துவிடு என்று அவசரக்காரர்கள் சொல்லும் உபாயத்தால், பொதிகளின் கணக்கேடே குழம்பிப்போன கருவிகளை நான் கண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு ஏவலும் முடியும்போது ஓர் எண்ணைத் திருப்பிக் கொடுக்கும். பூஜ்யம் என்றால் காரியம் ஜெயம், வேறு எண் என்றால் ஏதோ கோளாறு. இதைக் கவனிக்காத சிட்டை, மூன்றாம் வரியில் தோற்றும் முப்பதாம் வரி வரை வீறாப்பாக நடந்து, எல்லாம் முடிந்தது என்று பொய்ச்செய்தி கொண்டுவரும். தோற்ற இடத்திலேயே நின்று, இன்ன இடத்தில் தோற்றேன் என்று சொல்லும் சிட்டையே நம்பத் தகுந்தது.

பட்டியலே எழுதாமல், தேவைப்படும் கணத்தில் கணினி தானே உணர்ந்து கொண்டுவர முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. அதையும் ஒருவர் செய்து பார்த்திருக்கிறார். ஃபுமிதோஷி உகாய் என்ற ஜப்பானியர் எழுதிய ஆட்டோ-ஆப்ட் என்னும் கருவி, ஒரு நிரல் ஓடிக்கொண்டிருக்கையில் எந்தக் கோப்பைத் தேடுகிறது என்று கூடவே கண்காணித்து, அது இல்லாவிட்டால் அந்நிரலை அப்படியே நிறுத்திவைத்து, உரிய பொதியை நிறுவிவிட்டு, பின்னர் ஒன்றும் நடவாததுபோல் மேலே ஓடச் செய்தது. யுக்தியின் அழகை வியக்கிறேன். ஆயினும் நாளடைவில் அது டெபியனிலிருந்து விலக்கப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. ஒரு நிரல் ஒரு கோப்பை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதனாலேயே அது வேண்டும் என்று அர்த்தமாகாது; கேட்டதையெல்லாம் கொடுத்தால், சில மாதங்களில் ஒருவரும் விரும்பாத பொருள்களால் வீடு நிரம்பிவிடும். தட்டிய ஏவல் இல்லாதபோது, இது இன்ன பொதியில் இருக்கிறது, வேண்டுமானால் இவ்வாறு நிறுவிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்கும் உபுண்டுவின் முறையே மரியாதையான முறை என்பது என் அபிப்பிராயம். நிறுவும் வேலையை இயந்திரத்துக்கு விடலாம். எது வேண்டும் என்ற முடிவு மனிதரிடம் இருக்கட்டும்.

அப்படி நான் வற்புறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. சிட்டை ரூட் அதிகாரத்தோடு ஓடுகிறது. அதாவது வீட்டுச் சாவி, பெட்டிச் சாவி, பத்திரச் சாவி அனைத்தையும் அதன் கையில் கொடுத்து அனுப்புகிறோம். களஞ்சியத்திலிருந்து வரும் பொதி உண்மையாகவே அங்கிருந்துதான் வந்ததா என்று மின்முத்திரையைப் பார்த்துச் சரிபார்க்கும் ஏற்பாடு, 2007-ல் வந்த டெபியன் 4.0 முதல் ஆப்டிலேயே அமைந்திருக்கிறது. இந்த முத்திரையை அலட்சியம் செய்துவிட்டு, ஏதோ ஒரு விலாசத்திலிருந்து வரும் ஸ்கிரிப்டை வாசிக்காமலே ரூட் அதிகாரத்தோடு ஓட்டும் பழக்கம் பெருகிவருவது கவலை தருகிறது. முத்திரை உள்ள வழியிலும் விழிப்பு வேண்டும் என்பதை 2024 மார்ச்சு மாதம் உலகம் அறிந்தது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் எக்ஸ்-இசட் என்ற எளிய கருவியில், இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல தொண்டரைப் போல உழைத்து நம்பிக்கை பெற்ற ஒருவர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் கள்ளக் கதவு ஒன்றை ஒளித்துவைத்துவிட்டார். டெபியன் பொதிகளே அக்கருவியால் சுருக்கிக் கட்டப்படுபவை. ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், தம் கணினியில் நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாகத் தாமதமாகிறதே என்று கவனித்து, விடாமல் ஆராய்ந்து அதைக் கண்டுபிடித்தார். டெபியனின் பரிசோதனைப் பதிப்புகள் வரை வந்துவிட்ட விஷம், பொதுமக்கள் பயன்படுத்தும் நிலைப் பதிப்பை எட்டுமுன் தடுக்கப்பட்டது. அரை விநாடியை அலட்சியம் செய்யாத அந்த மனிதருக்கு நாம் அனைவரும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஒரு கணினிக்கு எழுதிய சிட்டை பத்துக்கும் உதவும். பத்துக் கருவிகள் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தில், ஒவ்வொன்றும் தனித்தனியே அதே பொதிகளை இணையத்திலிருந்து இறக்கினால் டேட்டா பத்து மடங்கு போகும். ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்னும் மென்பொருளை ஒரு கணினியில் அமைத்துவிட்டால், முதலில் கேட்டவருக்காக வந்த பொதியை அது தேக்கிவைத்துக்கொண்டு மற்ற ஒன்பது பேருக்கும் அங்கிருந்தே பாய்ச்சும். நம் முன்னோர் ஒரு மழையைக் கண்மாயில் நிறுத்தி ஊர் முழுவதற்கும் மடை மடையாகப் பிரித்த அதே காரியம். நூறு ஆயிரம் என்று கணினிகளைக் கட்டி மேய்ப்பவர்களுக்கு, 1993-ல் ஆஸ்லோவில் மார்க் பர்ஜஸ் தொடங்கிய சிஎஃப்-எஞ்சின், 1999-ல் கொலோன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் லாங்கே உருவாக்கிய எஃப்ஏஐ, 2012-ல் வந்த ஆன்சிபிள் முதலிய பெருங்கருவிகள் உண்டு. சாதாரண வாசகருக்கு அவை இப்போதைக்கு வேண்டியதில்லை.

வீரசோழனில் நாங்கள் எழுதிய பட்டியலைச் சொல்லிவிடுகிறேன். தமிழ் எழுத்துகள் தெரிய லோஹித் எழுத்துரு. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் உறுதியான தமிழ்99 விசைப்பலகைக்காக ஐபஸ்ஸும் அதன் எம்17என் இணைப்பும். லிப்ரே ஆபீஸும் அதன் தமிழ் முகப்பும். அச்சிட்ட பக்கத்தைப் படம் பிடித்து எழுத்தாக மாற்றும் டெஸ்ஸராக்டும் அதற்குரிய தமிழ்த் தரவும். பையனின் பாடத்துக்காகக் கம்பைலர், பைத்தான், கிட். அச்சிட்ட பழைய தமிழ்ப் புத்தகம் ஒன்றின் பக்கத்தைப் போனில் படம் எடுத்து டெஸ்ஸராக்டிடம் கொடுத்தபோது, சில பிழைகளோடு வரிகள் எழுத்தாய் வந்து நின்றதைப் பார்த்துப் பையனைவிட அதிகமாக மகிழ்ந்தவர் அவன் அத்தாவாகிய என் சிநேகிதர்தான்.

முதல் ஓட்டத்தின்போது ஒரு பெயரில் எழுத்துப் பிழை இருந்தது. சிட்டை அந்த இடத்திலேயே நின்று பெயரைச் சொன்னது. திருத்தினோம். பிறகு, வெயில் தாழ்ந்து, பக்கத்துப் பள்ளிவாசலில் அசர் பாங்கு சொன்ன வேளையில் ஓட்டிவிட்டு, தேநீர் குடித்துத் திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. சிநேகிதர் உட்கார்ந்து செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்தார். கட்டங்கள் மறைந்து எழுத்துகள் நின்றன. உரக்கவே இரண்டு தலைப்புச் செய்திகளைப் படித்தார்.

“இப்ப மறுபடி ஒருதடவை ஓட்டு, தம்பி” என்றேன்.

ஓட்டினான். கண் மூடித் திறப்பதற்குள், எல்லாம் இருக்கிறது என்ற ஒரே வரியோடு அது நின்றுவிட்டது. போனில் டேட்டா ஒரு துளியும் குறையவில்லை.

“சும்மா வந்துருச்சே மாமா!”

“சும்மா வருதான்னு பாக்கத்தான் ஓட்டச் சொன்னேன்.”

அவன் சற்று யோசித்தான். ஹாஷ் குறியிட்டு எழுதும் வரியைக் கணினி பொருட்படுத்தாது, மனிதர் வாசிக்கும் குறிப்பாக அது கோப்பிலேயே இருக்கும் என்று நான் காலையில் சொன்னதை நினைவில் வைத்திருந்தான் போலும். புதிதாய் அமைந்த தமிழ்99 விசைப்பலகையில் எழுத்தெழுத்தாகத் தேடி, எழுத்துருவின் பெயருக்கு மேலே ஒரு வரி சேர்த்தான்: இதை எடுக்காதே, அத்தா பேப்பர் படிக்கணும்.